சோமாலியா: "எல்லாரும் ஒரே இனம்தானே?" என்று தொடங்கி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நைரோபியில் ஈஸ்ட்லீ என்ற பகுதிக்கு வாரம் இரண்டு முறை போய் வரும் வேலை எனக்குச் சில வருடம் இருந்தது. துணிக்கடை, ஹவாலா கடை, ஒட்டகப்பால் விற்கும் அம்மாக்கள் என்று அங்கே பெரும்பாலும் சோமாலியர்கள். ஊருக்குத் திரும்பி அந்தக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து நண்பர்கள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், சும்மா ஆர்வத்தில் கேட்பவர்கள் என்று எல்லாரும் இதே கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை வேண்டியிருக்கும்.

சோமாலியாவுல எல்லாரும் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம்தானே? அப்புறம் எதுக்கு அடிச்சுக்கிறாங்க?

மதம் சரி. கிட்டத்தட்ட எல்லாரும் ஷாஃபி வழி சுன்னி முஸ்லிம்கள். இனமும் மொழியும் பாதி சரி. 1960-ல் ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாக விடுதலை பெற்றபோது, ஒரே மக்கள் ஒரே நாடு என்று சொல்லிக்கொள்ள சோமாலியாவைப் போல வேறு அதிகம் பேர் இல்லை. அந்தப் பெருமை பொய்யும் கிடையாது. ஆனால் அந்தப் படத்தை வரைந்தது ஒட்டகம் மேய்க்கும் நாடோடிகளின் பக்கத்திலிருந்து. ஜுபா, ஷபெல்லே என்ற இரண்டு ஆற்றங்கரைகளின் உழவர்கள், கடலோரப் பழைய நகரத்துக்காரர்கள், இரும்பும் தோலும் வேலை செய்யும் கைவினைக் குடிகள், இவர்கள் படத்துக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

அடித்துக்கொள்வது நிலத்துக்காக, துறைமுகத்துக்காக, நிவாரண அரிசிக்காக, பதவிக்காக. "யார் இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர்" என்ற வரலாற்றுச் சண்டை அந்தச் சண்டைக்கான ஆதாரப் பத்திரம் மாதிரி.

குலம் குலம்னு சொல்றாங்களே, அது சாதி மாதிரியா?

அப்பா வழி வம்சம். பிள்ளைகள் அப்பா, தாத்தா, அவருடைய அப்பா என்று இருபது முப்பது தலைமுறைப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். இதற்குப் பெயர் அப்திர்சி. இரண்டு அந்நியர்கள் சந்தித்தால் பட்டியல் எந்தப் பெயரில் ஒன்று சேர்கிறது என்று பார்த்தே உறவைக் கணக்கிட்டுவிடுவார்கள். பெரிய குலங்கள்: டாரோட், ஹவியே, டிர், இசாக், டிகில்-மிரிஃப்லே. கடைசியை ரஹன்வெய்ன் என்றும் சொல்வார்கள். இசாக் என்பது டிர் குலத்தின் கிளை என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று இசாக் மக்கள்.

குலம் நடைமுறையில் ஒரு காப்பீடு. ஒருவன் கொலை செய்தால் அவனுடைய கூட்டம் மொத்தமும் சேர்ந்து இரத்தப் பணம் கட்ட வேண்டும். ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50 என்பது மரபுக் கணக்கு. பெரிய குலங்கள் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பார்கள், அதனால் அவர்களுக்குள் இது சாதி ஆகாது. ஆனால் பெண் கொடுக்காத, எடுக்காத கூட்டங்களும் உண்டு. அது வேறு கதை, கீழே தனியாக வருகிறது.

சோமாலியர்கள் அரபு வம்சமா, ஆப்பிரிக்கரா?

டாரோட் குலத்தைக் கேட்டால் அரேபியாவிலிருந்து வந்த ஷேக் டாரோட் என்பார்கள். இசாக் குலத்துக்கு ஷேக் இசாக். வடக்குக் கடலோரம் மய்த் என்ற ஊரில் அவர் சமாதி இருக்கிறது. மொழியோ வேறு ஊரைக் காட்டுகிறது. சோமாலி ஒரு கூஷிய மொழி. எத்தியோப்பியாவின் ஒரோமோ, வடகென்யாவின் ரெண்டில்லே எல்லாம் அதன் உறவுக்காரர்கள். மக்கள் வடக்கிலிருந்து தெற்கே பரவினார்கள் என்று முதலில் எழுதினார்கள். 1960களிலிருந்து மொழி ஆய்வு அதைத் தலைகீழாக்கி, தெற்கு எத்தியோப்பியா, வடகென்யாப் பக்கம் புறப்பாட்டு இடம் என்றது. மரபணுவும் வடகிழக்கு ஆப்பிரிக்காவைத்தான் சொல்கிறது.

அரேபியாவோடு வணிகமும் திருமண உறவும் பல நூற்றாண்டாக இருந்தது உண்மை. 1974-ல் சோமாலியா அரபு லீக்கிலும் சேர்ந்தது. ஆனால் அரபு மூதாதை கதையின் வேலை உறவைப் பதிவு செய்வது மட்டும் இல்லை, அது உயர்குடிச் சான்றிதழ். அந்தக் கதை இல்லாதவர்களைக் கீழே வைக்க உதவுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லலாம்.

கொடியில ஐந்து முனை நட்சத்திரம் எதுக்கு?

சோமாலியர் வாழும் ஐந்து நிலப்பகுதிகள்: இத்தாலியர் ஆண்ட தெற்கு, பிரிட்டிஷார் ஆண்ட வடக்கு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் ஒகாடென், கென்யாவின் வடகிழக்கு. 1954-ல் வரைந்த கொடி. 1960-ல் முதல் இரண்டு மட்டும் சேர்ந்தன. கென்யா விடுதலைக்கு முன் 1962-ல் பிரிட்டிஷ் ஆணையம் அங்குள்ள சோமாலியரைக் கேட்டது, பெரும்பாலோர் சோமாலியாவோடு சேரவே விரும்பினார்கள், லண்டன் கேட்கவில்லை, 1963 முதல் 1967 வரை ஷிஃப்டா போர் நடந்தது. ஒகாடெனுக்காக 1977-ல் சோமாலியா படையெடுத்து, சோவியத் யூனியன் கட்சி மாறி, கியூபப் படையும் வந்து இறங்க 1978-ல் தோற்றது. ஜிபூட்டி 1977-ல் தனி நாடாகவே போய்விட்டது.

அஹ்மத் குரே சோமாலியரா இல்லையா? இதுக்கே மணிக்கணக்கா சண்டை போடுறாங்களே.

16-ஆம் நூற்றாண்டில் இன்றைய எத்தியோப்பியாவின் ஹரார் நகரிலிருந்து அதால் என்ற முஸ்லிம் அரசை நடத்திய இமாம் அவர். 1529-ல் ஷிம்ப்ரா குரே போரில் எத்தியோப்பியப் பேரரசரைத் தோற்கடித்து, 1543-ல் போர்த்துகீசியர் உதவியோடு வந்த படையால் கொல்லப்பட்டார். எத்தியோப்பியர்கள் அவரை கிரான் என்பார்கள், சோமாலியர்கள் குரே என்பார்கள், இரண்டுக்கும் இடதுகைக்காரர் என்றுதான் பொருள். தலைநகர் மொகதிஷுவில் சிலையே வைத்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அவர் காலத்திலேயே அந்தப் போர்களை எழுதிவைத்த அரப் ஃபகீஹ், படையில் இருந்த சோமாலியரைத் தனிக் கூட்டமாகப் பிரித்துப் பேசுகிறார். போதாததற்கு ஹபர் மக்தி என்ற சோமாலிக் குலத்தில் இன்னொரு இடதுகை அஹ்மதையும் குறிப்பிடுகிறார். அதனால் இமாம் ஹர்லா இனத்தவர் என்று ஒரு சாரார், பலவ் என்று ஒரு சாரார், சோமாலியரே என்று ஒரு சாரார். அதாலில் எல்லாரும் கலந்துதான் இருந்தார்கள். 1540-ல் வாழ்ந்த மனிதரிடம் 1960-ல் அச்சடித்த அடையாள அட்டையைக் கேட்டால் அவர் எங்கே போவார்?

சயீத் முகம்மது அப்துல்லா ஹசன் தேசிய வீரர்தானே, அவர் மேல ஏன் சிலருக்குக் கோபம்?

1899 முதல் 1920 வரை பிரிட்டிஷாரை எதிர்த்தவர், சோமாலி மொழியின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருவர். கடைசியில் தலேஹ் கோட்டைமேல் விமானத்திலிருந்து குண்டு போட்டுத்தான் அவரை வீழ்த்தினார்கள். மறுபக்கம், அவருடைய தர்வீஷ் படையின் வாள் பிரிட்டிஷார்மேல் விழுந்ததைவிட மற்ற சோமாலிக் குலங்கள்மேல், முக்கியமாக இசாக் மேல், விழுந்தது அதிகம். 1911, 1912 வாக்கில் வடக்கில் கொள்ளையும் பஞ்சமும் சேர்ந்து வந்த காலத்தை அங்கே "விலக்கப்பட்டதைத் தின்ற காலம்" என்றே பெயர் வைத்துச் சொல்கிறார்கள்.

அதனால்தான் மொகதிஷுவில் சயீதுக்குக் குதிரைமேல் சிலை, வடக்கே ஹர்கெய்சாவின் நடுவில் ஒரு மிக் போர் விமானம். 1988-ல் அந்த ஊரைக் குண்டுபோட்டு அழித்தது சோமாலியாவின் சொந்த விமானப்படை, அந்த மாதிரி விமானத்தையே மேடைகட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரே நாடு என்று சொல்லப்படும் இடத்தின் இரண்டு நினைவுச் சின்னங்கள்.

சோமாலி பாண்டுன்னா யார்? வெளியிலிருந்து வந்தவங்கதானே?

பெரும்பாலோருடைய முன்னோர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மொசாம்பிக், மலாவி பகுதிகளிலிருந்து சான்சிபார் வழியாக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஷபெல்லே ஆற்றங்கரைத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தப்பித்தவர்கள் ஜுபா ஆற்றங்கரைக் காட்டுக்குள், கோஷா என்ற பகுதியில், கிராமங்கள் அமைத்தார்கள். சிகுலா மக்கள் கூட்டமாகத் தப்பி, நடந்தே ஊருக்குப் போக நினைத்து வழியில் அங்கேயே தங்கியவர்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் மொழி இன்னும் பேசப்படுகிறது. ஷபெல்லே கரையின் வேறு சில உழவர் கூட்டங்களோ அதற்கும் வெகு முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள் என்கிறார்கள். ஆகவே "எல்லாரும் வந்தேறி" என்பது அவசரத் தீர்ப்பு. ஷேக் டாரோட் கதைப்படி பார்த்தால் டாரோட்களும் கப்பலில் வந்தவர்கள்தான், அதை யாரும் வந்தேறி என்று சொல்வதில்லை!

உள்ளூரில் இவர்களை ஜரீர் என்பார்கள், சுருட்டை முடிக்காரர் என்று பொருள். கோபம் வந்தால் அடோன், அதாவது அடிமை. "சோமாலி பாண்டு" என்ற பெயர் 1991-க்குப் பிறகு உதவி நிறுவனங்கள் வழியாகப் பரவியது. அதற்கு முன் பலர் பக்கத்துக் குலத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் பெயரையே சொல்லி வாழ்ந்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்களுக்கு ஷேகத் என்று ஒரு சொல்லே இருக்கிறது. இத்தாலியர்கள் அடிமை முறையை ஒழித்ததாக அறிவித்துவிட்டு, 1930களில் இதே மக்களைத்தான் தங்கள் தோட்டங்களுக்குக் கட்டாய வேலைக்குப் பிடித்தார்கள். 1975 நிலச் சட்டம் எல்லா நிலமும் அரசுடையது, பதிவு செய்தவருக்கே உரிமை என்றது. பதிவு அலுவலகத்தில் ஆள் தெரிந்தவர்கள் மொகதிஷுவில் இருந்தார்கள், ஆற்றங்கரையில் இல்லை. மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

1991-ல் சியாத் பாரே என்ற ராணுவ ஆட்சியாளரின் அரசு விழுந்ததும் ஆயுதக் கூட்டங்கள் முதலில் புகுந்தது தானியக் குதிர் இருந்த இந்த ஊர்களில்தான். இவர்களுக்காக இரத்தப் பணம் கேட்க பெரிய குலம் இல்லை. கென்ய முகாம்களுக்கு ஓடினார்கள். 1999-ல் அமெரிக்கா இவர்களைத் தனிக் குழுவாக ஏற்று, 2003 முதல் பன்னிரண்டாயிரம் பேர் அளவுக்குக் குடியேற்றியது. அப்போது ஒரு வேடிக்கை. அதுவரை யாரும் வாய்திறந்து சொல்லிக்கொள்ளாத பெயருக்கு விசா மதிப்பு வந்துவிட்டதால், மற்றவர்களும் "நானும் பாண்டுதான்" என்று வரிசையில் நின்றார்கள், அதிகாரிகள் நேர்காணல் வைத்துப் பிரிக்க வேண்டியதாயிற்று.

மதிபான், தூமால், யிபிர் எல்லாம் பார்க்க மத்தவங்க மாதிரியேதானே இருக்காங்க, எப்படி ஒதுக்குறாங்க?

முகத்தைப் பார்த்து இல்லை, மேலே சொன்ன அப்திர்சியைக் கேட்டு. மதிபான்கள் வேட்டை, தோல் வேலை, தூமால்கள் கொல்லர்கள், யிபிர்கள் தாயத்து, ஆசீர்வாதம், மந்திரம். மொழி, மதம், நிறம் எல்லாம் ஒன்றே. பெண் மட்டும் கொடுக்க மாட்டார்கள். மதிபான் முன்னோர் பஞ்சத்தில் அசுத்த இறைச்சி தின்றார் என்று ஒரு கதை, அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லியே தள்ளிவைத்திருக்கிறார்கள்.

யிபிர் கதை இன்னும் ருசியானது. அவர்களுடைய மந்திரவாதி மூதாதை தன் சக்தியைக் காட்ட மலைக்குள் நடந்து போக, ஷேக் பர்கத்லே என்ற துறவி வேண்டிக்கொள்ள, மலை மூடிக்கொண்டது. அந்தச் சாவுக்கு ஈடாக ஒவ்வொரு ஆண் குழந்தை பிறக்கும்போதும் யிபிருக்கு சமன்யோ என்ற காணிக்கை தர வேண்டும். கொடுப்பவர்கள் அதைப் பிச்சை என்பார்கள். கதைப்படி பார்த்தால் அது தவணையில் கட்டும் இரத்தப் பணம்.

கீழே வைத்தவர்களும் மேலே வந்ததுண்டு. பாதுகாப்பு அமைச்சர், பிறகு பிரதமர் என்று இருந்த ஜெனரல் முகம்மது அலி சமதார் தூமால்.

கடலோரத்துல ஸ்வாஹிலி பேசுறவங்களும் இருக்காங்களாமே?

இருக்கிறார்கள். பராவா நகரத்துக்காரர்கள் பேசும் சிம்வீனியும் கிஸ்மாயோ பக்கத் தீவுகளின் பஜூனியும் ஸ்வாஹிலியின் உறவுகள். மொகதிஷுவின் ஹமர் வெய்ன், ஷங்கானி பகுதிகளின் பழங்குடும்பங்கள் ரெர் ஹமர், அதாவது ஹமர் ஊரார் (ஹமர் என்பது மொகதிஷுவின் இன்னொரு பெயர்). அரபு, பாரசீக வேர் சொல்பவர்கள். அங்கே 1269-ல் கட்டிய மசூதி நிற்கிறது, 1331-ல் பயணி இப்னு பதூதா வந்து சாப்பாட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1991-ல் இவர்கள் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன, பலர் படகேறி கென்யா போனார்கள். இவர்களுக்கு அரபு மூதாதை இருந்தும் காப்பாற்றவில்லை, துப்பாக்கி இல்லாததுதான் காரணம்.

மாய் தனி மொழியா, வட்டார வழக்கா?

ரஹன்வெய்ன் மக்கள் பேசுவது மாய். மற்றவர்கள் பேசுவது மஹா. பழக்கமில்லாத ஒருவருக்கு மற்றது சட்டென்று புரியாது. 1972-ல் எழுத்து வகுத்தபோது மஹாதான் பள்ளிக்கும் வானொலிக்கும் போனது. 2012 தற்காலிக அரசியல் சட்டம் சோமாலி மொழி என்று சொல்லி, மாய், மஹா இரண்டையும் சேர்த்து எழுதியது. நாற்பது வருடம் கழித்து.

எழுத்து பற்றி ஒரு துணைக்கதை. 1920களில் உஸ்மான் யூசுஃப் கெனாதித் ஒரு சொந்த எழுத்தை உருவாக்கினார், அழகாகவே இருக்கும். ஆனால் அவர் டாரோட். வேறு குலத்தவர் வேறு எழுத்து கொண்டுவந்தார்கள். கடைசியில் லத்தீன் வென்றதற்கு ஒரு காரணம், அது எந்தக் குலத்துடையதும் இல்லை என்பது.

சியாத் பாரே குல முறையை ஒழிச்சாரே, அது நல்லதுதானே?

1969 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்தார். 1971-ல் குலவாதத்துக்குப் பாடைகட்டிப் புதைத்தார்கள், "பங்காளி" என்று கூப்பிடாமல் "தோழர்" என்று கூப்பிடச் சொன்னார்கள். அதே சமயம் அதிகாரம் அவருடைய மரேஹான், தாயின் ஒகாடென், மருமகனின் துல்பஹந்தே என்ற மூன்று கிளைகளைச் சுற்றி நின்றது. மூன்றின் முதல் எழுத்தைச் சேர்த்து "மோட்" என்று ஊரே கிசுகிசுத்தது. கடைசியில் இசாக் மக்கள்மேல் ஏவிய தாக்குதலில் 50,000 பேரோ அதற்கு மேலோ இறந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. எழுத்தறிவு இயக்கம் நல்ல காரியம், சமதார் மாதிரி ஒருவர் உயர்ந்ததும் அப்போதுதான். ஆனால் குலத்தைப் பேசக் கூடாது என்று தடுத்ததால், குலத்தால் நடந்த அநியாயத்தையும் யாரும் பேச முடியாமல் போனது.

4.5 என்கிறாங்களே, அது என்ன கணக்கு?

2000-ல் ஜிபூட்டியின் அர்தா நகரில் நடந்த சமாதான மாநாட்டின் ஏற்பாடு. டாரோட், ஹவியே, டிர் (இதற்குள் இசாக்), டிகில்-மிரிஃப்லே நான்குக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, மற்ற எல்லாருக்கும் சேர்த்து அரைப் பங்கு. 2004-ல் அமைந்த 275 இட நாடாளுமன்றத்தில் 61, 61, 61, 61, மீதி 31. பாண்டு, ரெர் ஹமர், பராவாக்காரர், பஜூனி, மதிபான், எல்லாரும் அந்த 31-க்குள்.

இதற்குப் பரிந்து பேசுபவர்கள், துப்பாக்கியை இறக்க வைக்க வேறு வழி இல்லை, முன்பு அரையும் இல்லையே என்பார்கள். அது உண்மை. ஆனாலும் ஒரு குடிமகனை அரசே அரை என்று எழுதிவைத்தால், அந்த அரை ஆள் தன் வீட்டுப் பெண்ணைக் காதலித்தாலே கொலை செய்யலாம் என்று தெருவில் இருப்பவன் நினைப்பான். 2018-ல் மொகதிஷுவில் பெரிய குலத்துப் பெண்ணை மணந்த ஒரு பாண்டு இளைஞனின் மாமாவை எரித்தே கொன்றார்கள்.

சிறுபான்மையினர் உண்மையில எத்தனை சதவீதம்?

1975 கணக்கெடுப்பு அரைகுறையாக வெளிவந்தது, 1980களில் எடுத்தது வெளியே வரவே இல்லை. ஐ.நா.வின் 2002 ஆய்வு ஒன்று மூன்றில் ஒரு பங்கு என்று மதிப்பிட்டது. பெரிய குலத்துக்காரரைக் கேட்டால் அதில் பாதிகூட வராது. எண்ணினால் மேலே உள்ள 31 மாறிவிடும், அதனால் எண்ண யாருக்கும் அவசரம் இல்லை.

சோமாலிலாந்து தனி நாடா? அது குலப் பிரிவினை இல்லையா?

பிரிட்டிஷ் வடக்கு 1960 ஜூன் 26-ல் விடுதலை பெற்று ஐந்து நாள் தனி நாடாக இருந்து, ஜூலை 1-ல் தெற்கோடு சேர்ந்தது. தலைநகர், பிரதமர், கொடி எல்லாம் தெற்கின் பக்கம். 1961 வாக்கெடுப்பில் வடக்கில் பலர் போகவே இல்லை, போனவர்களில் பாதிப்பேர் எதிர்த்தார்கள். 1988 குண்டுவீச்சுக்குப் பிறகு 1991 மே 18-ல் பிரிந்ததாக அறிவித்தார்கள். பெரும்பாலான நாடுகள் அங்கீகரிக்கவில்லை. ஆனால் சொந்தப் பணம், தேர்தல், காவல்துறை எல்லாம் இருக்கிறது. "நாங்கள் பிரிவது காலனி எல்லைப்படி, குலப்படி இல்லை" என்பது அவர்கள் வாதம்.

கிழக்கே துல்பஹந்தே மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 2023-ல் லாஸ் அனோட் நகரில் மாதக்கணக்கில் சண்டை நடந்து, சோமாலிலாந்தின் தலைநகரான ஹர்கெய்சாவின் படை வெளியேற வேண்டியதாயிற்று. மொகதிஷுவிடம் தான் சொன்ன அதே வாதத்தை லாஸ் அனோட் தன்னிடம் சொல்லும் என்று ஹர்கெய்சா எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. எனக்கு இருவர் வாதத்திலும் நியாயம் தெரிகிறது, அதனால் என்னிடம் தீர்ப்பு கேட்காதீர்கள்.

கூட்டாட்சி வெளிநாட்டுக்காரன் திணிச்சதுன்னு சொல்றாங்களே?

நாட்டைக் கூட்டாட்சி ஆக்கிய 2004 இடைக்கால அரசியல் சாசனம் கென்யாவில் நடந்த பேச்சில் உருவானது, அண்டை நாடுகளின் கை அதில் உண்டு. ஆனால் கூட்டாட்சி வேண்டும் என்று 1950களிலேயே கேட்டது டிகில்-மிரிஃப்லே மக்களின் கட்சி. நாட்டைத் துண்டாடுகிறார்கள் என்று அப்போது ஏசினார்கள். அதே கட்சிக்காரர்களின் பைடோவா நகர்தான் 1992 பஞ்சத்தின் மையம் ஆனது, விளைகிற நிலத்தின் நடுவில்.

சோமாலியர் ஒருத்தரைப் பார்த்தா "நீங்க எந்தக் குலம்"னு கேட்கலாமா?

வேண்டாம். பெரிய குலத்துக்காரருக்கு அது எரிச்சல், மேலே சொன்ன மற்றவர்களுக்கு அது பயம், பொய் சொல்லித் தப்பிக்க வேண்டிய கேள்வி. ஊர் எது என்று கேளுங்கள், பேச நினைத்தால் அவரே சொல்வார். சியாத் பாரே காலத்தில் தடை இருந்ததால் "உங்கள் முன்னாள் குலம் எது?" என்று கேட்டார்களாம். அந்த "முன்னாள்" என்ற ஆங்கிலச் சொல் "எக்ஸ்" மட்டும் தனியாகக் கழன்று வந்து, கொஞ்ச நாளில் குலம் என்பதற்கே எக்ஸ் என்று பெயராகிவிட்டது. ஈஸ்ட்லீயில் எனக்கு இதைச் சொன்ன கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். தன்னுடைய எக்ஸ் எது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.